யாருக்கு அந்த வெந்நீர்?

இத்தனை வருடமும் என் மதிப்பிற்கு உரியவராக இருந்து, இந்த வருடம் என் கோபத்திற்கும் உரியவராகிவிட்ட என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் நினைவு நாளுக்குப் பத்திரிகையில் போடும் நான்கு வரிகளை ஒவ்வொரு வருடமும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். தெரியுமல்லவா? உங்கள் படத்துக்குக் கீழே, கறுப்புக் கட்டத்துக்குள். இந்த வருடமும் விளம்பரம் வாங்குகிறவர் வந்தார். "போன வருசத்து வாசகத்தையே போட்டுரலாமுங்களாம்மா?" என்று கேட்டார். பழைய தாளைக் கையில் வாங்கிப் படித்தேன். "எந்தப் பழக்கமும் அறியாத உத்தமரே" என்று இருந்தது. நான் எழுதிய வரிதான். பேனாவை எடுத்து 'எந்தப் பழக்கமும் அறியாத' என்பதை அடித்தேன். அடித்த பிறகு மிச்சமிருந்த 'உத்தமரே' என்னும் சொல் தனியாக நின்று என்னைப் பார்த்தது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே கட்டம் கட்டிய வாசகம் இந்த வருடம் கிடையாது. இந்தக் கடிதம்தான். ஊரார் படித்தால் படிக்கட்டும். ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயத்தை ஊரிடமிருந்து மறைக்க என்ன இருக்கிறது? தெரியாதவள் நான் ஒருத்திதான்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் மகன் சேகர் பிழைத்துவிட்டான். நேற்று ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தான். முகம் உங்கள் முகம் மாதிரியே ஒடுங்கிக் கிடக்கிறது. ஆனால் பிழைத்துவிட்டான்.

அவனுக்கு வந்ததும் உங்களுக்கு வந்த அதே வலிதான். நம் சேகோ மில்லிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன் கை கழுவப் போனான். போனவன் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால், படுக்கையறைத் தரையில் உட்கார்ந்து தலையணை ஒன்றை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தான். நெற்றியெல்லாம் வேர்வை. "முதுகுக்குள்ள கம்பி உட்டு இழுக்கறாப்ல இருக்குதும்மா" என்றான். மில்லுக்கு மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்த வண்டிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "வாயுவா இருக்கும். சோடாவுல எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு குடுங்க, ஏப்பம் வந்தாப் போயிரும்" என்றார். காரை எடுக்கச் சொன்னேன். அந்தத் தலையணையும் அந்தக் குனிவும் எனக்குத் தெரியாதவையா?

ஓமலூர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள் நீங்களும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தீர்கள். மல்லாந்து படுக்க முடியவில்லை, குனிந்தால் கொஞ்சம் தேவலை என்றீர்கள். வாந்தி நிற்கவில்லை. உங்கள் சிநேகிதர் சின்னச்சாமி அண்ணன்தான் தன் அம்பாசடரில் நம்மைச் சேலத்துக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம், "மாப்ள, பொறுத்துக்க மாப்ள. கல்யாண ஊட்டு வடைக்கு இத்தன வீரியம் இருக்குதுன்னு தெரிஞ்சிருந்தா நாம லாரிக்கு டீசலே போட்டிருக்க வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த வலியிலும் நீங்கள் சிரித்தீர்கள். வடையின் மேல்தான் பழி என்று நானும் நம்பினேன்.

ஆஸ்பத்திரியில் நடந்ததெல்லாம் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. ஏனென்றால் ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மார்பில் ஒயர்களை ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பும் சிலருக்கு வயிற்றுவலி மாதிரி வருமாம், அது இல்லை என்று முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டுமாம். பிறகு உங்களை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். நிற்க முடியாதவரை எதற்கு நிற்க வைக்கிறீர்கள் என்று சண்டைக்குப் போனேன். குடற்புண் ஓட்டை விழுந்திருந்தால் உள்ளே கசிந்த காற்று மேலே ஏறி நிற்கும், நின்றால்தான் அது படத்தில் தெரியும் என்றார்கள். சரி என்று ஒதுங்கினேன். காரணம் சொன்னால் ஒதுங்குகிறவள்தானே நான். இருதயம் நன்றாக இருந்தது. குடலில் ஓட்டை இல்லை. கடைசியாக ரத்தம் எடுத்து வெளியே ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டார்கள். "லாரிக்கு மட்டுந்தான் ஹோஸ் பைப்புன்னு நெனச்சேன்" என்றார் சின்னச்சாமி அண்ணன். டாக்டர் என்னைப் பார்த்து மிகக் கண்டிப்பாகச் சொன்னார்: "வாயில ஒரு சொட்டுத் தண்ணி கூடக் குடுக்கக் கூடாதுங்க. கேட்டாலும் குடுக்காதீங்க."

இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன். அதற்கான விலையை எல்லோரும் கொடுத்தோம்.

மறுநாள் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் கட்டிலருகே நின்றார். சின்னச்சாமி அண்ணன் சுவரோரம். காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்த சேகர் உங்கள் கால்மாட்டில். டாக்டர், "உங்ககிட்டக் கொஞ்சம் கேக்கணுமே" என்று உங்களைப் பார்த்து ஆரம்பித்தார். அப்போது நீங்கள் என் பக்கம் திரும்பி, மூக்கில் குழாயோடு, எவ்வளவு பிரியமாகச் சொன்னீர்கள்!

"அம்மிணி, அந்த பிளாஸ்க்குல கொஞ்சம் வெந்நி வாங்கிட்டு வாயேன்."

போனேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை. பாய்லரில் கிடந்த தண்ணீரை ஊற்ற வந்தவரைத் தடுத்து, தனிப் பாத்திரத்தில் வைத்து என் கண்முன்னால் கொதிக்க விடுங்கள் என்றேன். "அம்மா, தண்ணிக்கே இத்தன பரிச்சையா?" என்று கடைக்காரர் முணுமுணுத்தார். நன்றாகத் தளதளவென்று கொதிக்கும்வரை வெயிலில் நின்றேன். திரும்பி வந்தபோது அறையில் எல்லோருடைய முகமும் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது.

டாக்டர் என்னிடம், "பித்தப்பையில கல்லுங்க. அதனால வந்த கோளாறு" என்றார்.

"எக்ஸ்ரேயில் கல் தெரிந்ததா?" என்று கேட்டேன்.

"நெறைய கல்லு எக்ஸ்ரேயில தெரியாதுங்க" என்றார்.

அது உண்மைதான். இப்போது விசாரித்துத் தெரிந்துகொண்டேன், பித்தப்பைக் கற்களில் பல எக்ஸ்ரேயில் தெரியாதாம். உண்மையான ஒரு வாக்கியத்தைக் கொடுத்து ஒரு பொய்யை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பிளாஸ்க் கட்டிலுக்குப் பக்கத்தில் மூடி திறக்காமலே இருந்தது. அந்த வெந்நீரை யாரும் குடிக்கவில்லை. ஆறிப்போனதும் நானே எடுத்துப்போய்ச் செடிக்கு ஊற்றினேன். கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர், கேள்வியை முழுக்கப் படிக்காமல் பதில் எழுதினால் விரல் முட்டியில் ஸ்கேலால் அடிப்பார். அன்று என் கேள்வியே வேறாக இருந்திருக்க வேண்டும். சொட்டுத் தண்ணீர் கூடாது என்று விதித்திருக்கும் நோயாளி வெந்நீர் கேட்டால், யாருக்கு என்றல்லவா கேட்க வேண்டும்? ஆனால் ஒரு மனைவி அப்படிக் கேட்பாளா? கணவர் பிரியமாக ஒன்று கேட்கும்போது, அதில் ஓட்டை இருக்கிறதா என்று நிற்கவைத்து எக்ஸ்ரே எடுப்பாளா?

வீட்டுக்கு வந்த பிறகு நான் கல்லோடு போராடினேன். நெய்யை நிறுத்தினேன். முட்டையை நிறுத்தினேன். ஆட்டுக்கறி வீட்டுக்குள் வரக்கூடாது என்றேன். கல்லென்றால் வாழைத்தண்டுச் சாறு என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அது சிறுநீரகக் கல்லுக்கு அல்லவா, இது பித்தப்பைக் கல்லாயிற்றே என்று நான்தான் திருத்தினேன். "கல்லுன்னா கல்லுதானுங்க. தண்டுக்கு என்ன, வெலாசம் பாத்தா போகுது?" என்றார்கள். தீங்கில்லை என்று அதையும் கொடுத்தேன். விடிந்ததும் தண்டை நார் எடுத்து, இடித்துப் பிழிந்து, ஒரு டம்ளர். நீங்கள் ஒரு மறுப்பும் சொல்லாமல் வாங்கிக் குடிப்பீர்கள். "அம்மிணி, உன்ற கையால எதக் குடுத்தாலும் குடிப்பேன்" என்பீர்கள். இந்த வார்த்தையைப் பல வருடம் பொக்கிஷமாக வைத்திருந்தேன். இப்போது அது என்ன வார்த்தையென்று பாருங்கள்.

ஜவ்வரிசி எடுக்கிற சேகோ மில் வைத்திருக்கிறவரோடு குடித்தனம் செய்வது என்ன என்பது நாமகிரிப்பேட்டைப் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும். கிழங்குப்பால் புளித்த வாடை ஆளோடு கூடவே வரும். சட்டையில், தலைமுடியில், மூச்சில். பம்ப்செட்டில் சோப்பும் துண்டும் வைத்திருந்தேன், குளித்துவிட்டு வந்தால்தான் சமையலறைப் பக்கம் என்பது என் சட்டம். ஒருநாள்கூட நீங்கள் மீறியதில்லை. சில நாள் மில்லிலேயே குளித்துவிட்டு வருவீர்கள். என் சொல்லுக்கு இவ்வளவு மரியாதையா என்று பெருமைப்பட்டேன். என் அக்காள்களிடம் சொல்லிக் காட்டியிருக்கிறேன். அந்தப் புளிப்பு வாடைக்குள் இன்னொரு புளிப்பு ஒளிந்திருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மதுவிலக்கு இருந்த காலம். குடிப்பவர்கள் என்றால் போலீஸ் பிடித்துப் போகிற ஆட்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

இரண்டு வருடம் கழித்து கெங்கவல்லிப் பக்கம் கிழங்கு பார்க்கப் போனீர்கள். அங்கிருந்து அதே வலியோடு வந்தீர்கள். இந்த முறை ஆஸ்பத்திரிக்குள் நடந்தே போனீர்கள், ஆனால் வெளியே நடந்து வரவில்லை. கல் அடைத்துவிட்டது என்றார்கள். இழவு வீட்டில் நான் எல்லோரிடமும் சொன்னேன்: "ஒரு வெற்றிலை போட்டு அறியாத மனுஷர். யாருக்கோ வரவேண்டிய கல் இவருக்கு வந்துவிட்டது." சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் தங்கள் மடியைப் பார்த்தார்கள். உங்கள் பெரியம்மா மட்டும் என் தலையைத் தடவி, "ஆமாஞ் சாமி, ஆமாம்" என்றார்.

அந்த 'ஆமாஞ் சாமி' இப்போது என் காதில் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அந்தக் கிழவிக்கும் தெரிந்திருக்கிறது.

இனி சேகரின் விஷயம். சேலத்தில் இப்போது எவ்வளவோ மாறிவிட்டது. அவனைப் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். வயது சேகரை விடக் குறைவாகத்தான் இருக்கும். வேகமான பேச்சு, ஆனால் கேட்டதற்குப் பதில் உண்டு. உங்களுக்குச் செய்த அதே இ.சி.ஜி., நிற்கவைத்து எடுத்த அதே எக்ஸ்ரே. ரத்தத்தில் அமைலேஸ் என்று ஒன்றைப் பார்த்தார்கள். சர்க்கரை, உப்பு, கால்சியம் எல்லாம் பார்த்தார்கள். உங்கள் காலத்தில் இல்லாத ஒன்றும் உண்டு: வயிற்றின் மேல் பசை தடவி ஒரு கருவியை உருட்டினால் உள்ளே இருப்பது திரையில் நிழலாகத் தெரிகிறது. ஸ்கேன் என்கிறார்கள்.

டாக்டர் எங்களைக் கட்டிலருகே வைத்தே சொன்னார். "கணையத்துல அழற்சிங்கம்மா. அமைலேஸ் பல மடங்கு ஏறிக் கிடக்கு. ஆனா அமைலேஸ் என்ன நோவுன்னு சொல்லும், எதனால வந்துதுன்னு சொல்லாது. பெரும்பாலும் ரெண்டு காரணந்தான். ஒண்ணு பித்தப்பைக் கல்லு."

"அப்படியானால் கல்தான்" என்றேன் நான். "இவன் அப்பாவும் அதில்தான் போனார்."

"ஸ்கேன்ல பித்தப்பை சுத்தமா இருக்குதுங்கம்மா. ஒரு மணல் கூட இல்ல. அவங்களுக்குக் கல்லுன்னு யாரு பாத்தாங்க? ஆபரேசன் பண்ணாங்களா?"

"இல்லை. டாக்டர் சொன்னார்."

"எதப் பாத்துச் சொன்னாருங்க?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை. அதற்குள் டாக்டர் சேகர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஏதாவது பழக்கம்..." என்று தொடங்கினார். சேகர் அவரை முடிக்கவிடவில்லை.

"மல்லிகா, அம்மாளையுங் கூட்டிட்டுப் போயி பிளாஸ்க்குல கொஞ்சம் வெந்நி வாங்கிட்டு வா."

உங்கள் மருமகள் மல்லிகா பிளாஸ்க்கை எடுத்தாள். நானும் எழுந்துவிட்டேன். பழகிய கால் நடக்கத்தான் செய்கிறது. கதவு வரைக்கும் போய்விட்டேன். கதவின் மேல், 'வாய்வழி எதுவும் தரக்கூடாது' என்று அவர்களே எழுதி ஒட்டியிருந்த அட்டை என் கண்ணெதிரே தொங்கியது.

நின்றேன். அந்த அட்டையை முழுக்கப் படித்தேன். பிறகு திரும்பினேன்.

"சேகர், யாருக்கு அந்த வெந்நீர்?"

பெண் டாக்டர் மெதுவாக, "நானும் அதத்தாங்கம்மா கேக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

"அம்மா, நீங்க வெளிய இருங்களேன்" என்றான் சேகர். அவன் கண்ணில் பயத்தைப் பார்த்தேன். வலிக்கான பயமில்லை. என்னைப் பார்த்த பயம். அதே கண்ணை எங்கே பார்த்திருக்கிறேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது. மூக்கில் குழாயோடு பிரியமாகப் பார்த்தீர்களே, அது பிரியமில்லை.

"போகமாட்டேன். டாக்டர் கேட்டதற்குப் பதில் சொல். மல்லிகாவும் இங்கேயே இருக்கட்டும். கட்டிக்கொண்டவளுக்குத் தெரியவேண்டும்."

அப்போது மல்லிகா பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியுமுங்க அத்தை" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கல்யாணமான புதுசுலயே தெரியுமுங்க. பிராந்திதானுங்க. உங்க காதுக்குப் போச்சுன்னா உசுர உட்டுருவேன்னு சொன்னாருங்க. நான் எங்கீங்க சொல்லுவேன்?"

சொல்லாமலே உயிரை விடப் பார்த்தானே என்று நினைத்தேன். பிறகு, இவளுமா என்று தோன்றியது. என் வீட்டில், என் சமையலறையில், என் கூடவே காய் நறுக்குகிறவள். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அந்த அறையில் நிறுத்தினேன். அவள் எனக்கு முன்பே உள்ளே இருந்தாள். வெளியே நின்றவள் எப்போதும்போல நான் மட்டும்தான்.

சேகர் டாக்டரிடம் எல்லாம் சொன்னான். எவ்வளவு, எத்தனை வருடமாக, கடைசியாக எப்போது. டாக்டர் முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டார். "இத நேத்தே சொல்லியிருந்தா நல்லாருந்துருக்குமுங்க. நிறுத்துனதும் வரக்கூடிய நடுக்கத்துக்கும் சேத்து மருந்து குடுக்கணும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இதுதாங்கம்மா முதல் பரிசோதனை. ரத்தம், ஸ்கேன் எல்லாம் அப்பறந்தான்" என்றார்.

வராந்தாவில் சின்னச்சாமி அண்ணன் உட்கார்ந்திருந்தார். இப்போது அவருக்கு முட்டி வலி, கைத்தடி. எதிரே போய் நின்றேன். "அண்ணா, அவருக்குக் கல்லா?" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

அவர் கைத்தடியை நகர்த்திப் பெஞ்சில் இடம் விட்டார். "உக்காருங்க தங்கச்சி."

"நிற்கிறேன். சொல்லுங்கள்."

"கல்லுமில்ல மண்ணுமில்லீங்க. மில்லுல பின்னாடி ரூமு. வேல முடிஞ்சதும் நானும் மாப்ளயுந்தான் குடிக்கறது. மொதல்ல அப்பப்ப. அப்பறம் தெனமும். டாக்டரு அன்னைக்கே கண்டுபுடிச்சுட்டாரு. 'இன்னொரு தடவ தொட்டீங்கன்னா ஆளு தேறாது'ன்னு சொன்னாரு. சேகரும் அங்கதான் நின்னுட்டிருந்தான்."

"அப்புறம்?"

"'ஊட்டம்மாகிட்டச் சொல்லீருங்க. அவங்கதான் உங்களுக்குக் காவல்'னாருங்க. மாப்ளதான், 'அது மட்டும் வேண்டாமுங்க டாக்டர், கல்லுன்னே சொல்லிப்போடுங்க'ன்னு கையெடுத்துக் கும்புட்டுட்டாரு. நாங்க என்னங்க பண்றது? உங்களுக்குப் பயந்துட்டுத்தானுங்க தங்கச்சி. நீங்க படிச்சவங்க. ஒரு சொல்லு தாங்கமாட்டீங்க."

கேட்டீர்களா? டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தில் முதல் மருந்து நான். அந்த ஒன்றை மட்டும் வாங்காமல் விட்டுவிட்டீர்கள். சேகருக்கு அப்போது என்ன வயது? ஒரு வீட்டில் நோயை எப்படிச் சொல்லாமல் வைப்பது என்று நீங்கள் அவனுக்குக் கால்மாட்டில் நிற்கவைத்துப் பாடம் நடத்தியிருக்கிறீர்கள். மில்லை எழுதி வைத்தீர்கள், தோட்டத்தை எழுதி வைத்தீர்கள். இதையும் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

எனக்குப் பயந்தாராம். என் கண்டிப்புதான் காரணமாம். சின்னச்சாமி அண்ணன் அதை எனக்குச் செய்த உபசாரம் மாதிரி சொன்னார். நான் ஏற்றுக்கொள்ளவில்லை. பாத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும், கணக்கு நேராக இருக்க வேண்டும், சொன்ன சொல் சொன்னபடி இருக்க வேண்டும் என்று கேட்டேன். இது குற்றமா? உங்களை நான் என்றைக்காவது வீட்டைவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேனா? நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் கோபித்திருப்பேன். பேசாமல் இருந்திருப்பேன், ஒரு மாதம் கூட. அதற்குப் பிறகு மில்லின் பின்னறைக்குப் பூட்டு வாங்கிச் சாவியை என் இடுப்பில் செருகியிருப்பேன். வாழைத்தண்டை இடித்த கை, பூட்டைத் திருகாதா? உங்களுக்கு என் கோபத்தை விடச் சாவு சுலபமாகத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னை ஒரு கோயிலாக்கி வைத்தீர்கள். வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, குளித்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனீர்கள். உள்ளே வந்து ஒருவராவது உட்கார்ந்தீர்களா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த இரண்டு வருடமும் விடியற்காலையில் சாற்றை வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுப்பீர்களே, அப்போது சில நாள் என் கையை விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருப்பீர்கள். சொல்ல வந்தீர்களா? வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போயிற்றா? இதைத் தெரிந்துகொள்ள எந்த ஸ்கேனும் இல்லை.

சேகரிடம் மூன்று நாள் நான் பேசவில்லை. நான்காம் நாள் அவனே, "அம்மா, திட்டியாவது போடுங்க" என்றான். திட்டினேன். நன்றாகத் திட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். திட்டி முடித்ததும் அவன் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன். இதற்காகவா நீங்கள் இருவரும் இவ்வளவு பயந்தீர்கள்? இதைத் தாங்கிய பிறகு அவன் சாகவில்லையே, கஞ்சியல்லவா குடித்தான்?

டாக்டர் சொன்ன காவல் வேலையை இப்போது நானும் மல்லிகாவும் பார்க்கிறோம். மில்லின் பின்னறையை இடிக்கவில்லை. கதவை மட்டும் கழற்றிவிட்டேன். வெளிச்சம் வரட்டும் என்று. மல்லிகாவிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன்: "எனக்குச் சொன்னால் தாங்கமாட்டேன் என்று எதையாவது நினைத்தாயானால், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்." சரிங்க அத்தை என்றாள். அன்று சாயங்காலமே, ஊறுகாய் ஜாடி உடைந்தது போன மாதம் பூனையால் இல்லை, தன்னால்தான் என்று வந்து சொன்னாள். கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது.

அன்றைக்கு அந்த பிளாஸ்க் என்ன ஆயிற்று என்று கேட்பீர்களே. சேகர் எல்லாம் சொல்லி முடித்துத் தூங்கிய பிறகு நானும் மல்லிகாவும் கீழே இறங்கிப் போனோம். எதிரே டீக்கடை இல்லை, இப்போது அங்கே பேக்கரி. நன்றாகக் கொதிக்கவைத்து வெந்நீர் வாங்கினோம். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, பிளாஸ்க் மூடியில் ஊற்றி, நானும் அவளும் மாறி மாறிக் குடித்தோம். தொண்டை காய்ந்து போயிருந்தது எங்களுக்குத்தானே.

உங்கள் திதிக்கு எல்லாம் முறைப்படி நடக்கும். ஐயர் வருவார், படத்துக்கு மாலை உண்டு, உங்களுக்குப் பிடித்த கல்யாண வடையும் இலையில் இருக்கும். நெய்யும் ஊற்றுகிறேன். பாவம், காரணமே இல்லாமல் அந்த இரண்டு வருடம் நெய்யில்லாமல் சாப்பிட்டீர்கள்.

ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். எனக்கும் வயதாகிவிட்டது. என்றைக்காவது நானும் அங்கே வருவேன். வந்ததும் உங்கள் எதிரே உட்கார்ந்து முதல் கேள்வியைக் கேட்பேன். அப்போது என் முகத்தைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்து, வெந்நீர் வாங்கி வா என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எழுந்திருக்கமாட்டேன்.

இன்றும் உங்களுக்கு வாக்கப்பட்டவள்,
சேகரின் அம்மா,
உங்கள் அம்மிணி